லிண்ட்ஸியும் கிறிஸ்டினும் – கடிதம்

அன்புள்ள சார்,

'ரூமர்ஸ்' ஆல்பம் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்த பிறகுதான் ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் குழுவின் பாடல்களை ஒழுங்காகக் கேட்க ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்ததெல்லாம் 2020இல் பரவிய ஒரு வீடியோவில், ஒருவர் ஸ்கேட்போர்டில் போய்க்கொண்டே பழச்சாறு குடிப்பாரே, அதன் பின்னால் ஓடிய 'ட்ரீம்ஸ்' மட்டும்தான். அதைப் பாடிய ஸ்டீவி நிக்ஸின் குரலுக்கு அடிமை என்றே சொல்லலாம். அவரும் லிண்ட்ஸி பக்கிங்ஹாமும் குழுவில் சேரும் முன் போட்ட, 1973இல் வந்து காணாமல் போயிருந்த 'பக்கிங்ஹாம் நிக்ஸ்' ஆல்பம் 2025 செப்டம்பரில் மறுபடி வெளியானதும் உடனே கேட்டேன்.

அது முடிந்ததும் செயலி தானாகவே வேறொரு ஆல்பத்தை ஓட்டியது. ஏதோ நான் கேட்காமல் விட்ட ஃப்ளீட்வுட் மேக் ஆல்பம் என்று நினைத்துப் பாதி வரை கேட்டுவிட்டுத்தான் பெயரைப் பார்த்தேன். 'லிண்ட்ஸி பக்கிங்ஹாம் கிறிஸ்டின் மக்வீ', 2017. தேடிப் பார்த்தால் டிரம்ஸ் மிக் ஃப்ளீட்வுட், பேஸ் ஜான் மக்வீ என்று இருக்கிறது. 'ரூமர்ஸ்' காலத்துக் குழுவின் ஐந்து பேரில் நான்கு பேர் வாசித்திருக்கிறார்கள், பிறகு ஏன் இதற்கு அந்தக் குழுவின் பெயர் இல்லை? இந்த இசையில் நன்றாக ஊறிய என் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். "ஸ்டீவி இல்லாத ஃப்ளீட்வுட் மேக் உப்பில்லாத சாப்பாடு, அதையெல்லாம் கேட்டு நேரத்தை வீணாக்காதே" என்று முடித்துவிட்டார். ஆனால் எனக்கு அந்த ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கத் தோன்றுகிறது. என் ரசனையில் ஏதாவது கோளாறா?

இன்னொன்று. பழைய டர்ன்டேபிள் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. இந்த இரண்டு ஜோடி ஆல்பங்களில் ஒன்றைத்தான் இசைத்தட்டாக வாங்க முடியும் என்றால் எதை வாங்கலாம்?

க., மதுரை

*

அன்புள்ள க.,

ரசனையில் கோளாறு ஒன்றும் இல்லை. உங்கள் நண்பர் சொல்வதைப் பலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன், பெரும்பாலும் அந்த ஆல்பத்தை முழுதாகக் கேட்காதவர்கள்.

முதலில் பெயர் விஷயம். 1967இல் லண்டனில் பீட்டர் கிரீன் இந்தக் குழுவைத் தொடங்கியபோது தன் பெயரை வைத்துக்கொள்ளாமல் டிரம்மர் பெயரில் பாதியையும் பேஸ் வாசிப்பவர் பெயரில் பாதியையும் ஒட்டி வைத்தார். வேடிக்கை என்னவென்றால் அப்போது ஜான் மக்வீ குழுவில் சேரவே இல்லை. அவரை இழுப்பதற்கான தூண்டிலாகத்தான் அந்த 'மேக்' போய் உட்கார்ந்தது. பீட்டர் கிரீன் 1970இல் விலகிவிட்டார், பெயர் நின்றுவிட்டது. அப்புறம் யார் யாரோ வந்தார்கள், போனார்கள். ஃப்ளீட்வுட்டும் மேக்கும் மட்டும் பின்னால் உட்கார்ந்து தாளத்தைப் பார்த்துக்கொண்டார்கள். ஆக, நீங்கள் கேட்ட 2017 ஆல்பத்தில் குழுவுக்குப் பெயர் கொடுத்த இரண்டு பேருமே வாசிக்கிறார்கள், ஆனால் பெயர் மட்டும் இல்லை.

இதோடு இன்னொன்றைச் சேர்த்துப் பாருங்கள். 2003இல் 'சே யூ வில்' என்று ஓர் ஆல்பம் வந்தது. அதில் லிண்ட்ஸி, ஸ்டீவி, மிக், ஜான் நான்கு பேர். கிறிஸ்டின் 1998லேயே விலகியிருந்தார், இரண்டு பாடல்களில் கொஞ்சம் வாசித்ததோடு சரி. அது ஃப்ளீட்வுட் மேக் ஆல்பமாகவே வெளியானது, யாரும் கேள்வி கேட்கவில்லை. கிறிஸ்டின் இல்லாத நான்கு பேர் குழு, ஸ்டீவி இல்லாத நான்கு பேர் வெறும் இரண்டு தனிநபர்களும் அவர்களுக்கு உதவ வந்தவர்களும்! நியாயமாகப் பார்த்தால் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. 2003இல் கிறிஸ்டின் உறுப்பினர் இல்லை. 2017இல் ஸ்டீவி உறுப்பினர், ஆனால் தன் தனி இசைப்பயணத்தில் இருந்தார். இருக்கிற ஒருவரை விட்டுவிட்டுக் குழுவின் பெயரைப் போட முடியாது. சரி. ஆனால் ரசிகர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, அவர்களும் அப்படியேதான் நினைத்தார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துவது. உங்கள் நண்பருடைய உப்பு அதிலிருந்து வந்ததுதான். 2003 ஆல்பத்தைப் பற்றி அவர் அப்படிச் சொல்லியிருப்பாரா? கேட்டுப் பாருங்கள்.

கிறிஸ்டின் மக்வீ செய்த வேலை கண்ணில் படாத வகை. 1988இல் வந்த அவர்களுடைய ஹிட் தொகுப்பை எடுத்துப் பார்த்தால் பாதிப் பாடல்கள் அவர் எழுதியவை அல்லது சேர்ந்து எழுதியவை. 'டோன்ட் ஸ்டாப்', 'சே யூ லவ் மீ', 'லிட்டில் லைஸ்', 'எவ்ரிவேர்' எல்லாம் அவருடையவை. ஆனால் மேடையில் சால்வையைச் சுழற்றிக்கொண்டு ஆடியவர் ஸ்டீவி, கிட்டாரோடு குதித்தவர் லிண்ட்ஸி, இவர் ஓரமாகக் கீபோர்டுக்குப் பின்னால். அதுதான் தனக்கு வசதி என்று நினைத்த மனுஷி. அப்பா கச்சேரி வயலினிஸ்ட், இசை ஆசிரியர். வீட்டில் கிளாசிக்கல் பியானோ பயிற்சி. ஒருநாள் அண்ணன் கொண்டுவந்த, அமெரிக்கப் பியானோ பாடகர் ஃபேட்ஸ் டாமினோவின் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்ததும் பெண்ணின் இடது கை ப்ளூஸ் பக்கம் போய்விட்டது. அந்த இடது கை கடைசி வரை மாறவே இல்லை. 2017 ஆல்பத்தில் 'டூ ஃபார் கான்' பாட்டைக் கேளுங்கள், எழுபதைத் தாண்டிய ஒருவர் எழுதிய ப்ளூஸ் அது என்று சொன்னால் நம்புவது கஷ்டம்.

இப்போது லிண்ட்ஸிக்கும் அவருக்கும் உள்ள உறவு. இதைச் சொல்ல 1974க்குப் போக வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் சவுண்ட் சிட்டி என்ற ஸ்டூடியோவைப் பார்க்கப் போன மிக் ஃப்ளீட்வுட்டுக்கு, ஸ்டூடியோ எப்படி ஒலிக்கும் என்று காட்டுவதற்காக அங்கிருந்த ஒலிப்பதிவாளர் கீத் ஓல்சன் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். அதுதான் 'பக்கிங்ஹாம் நிக்ஸ்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, 'ஃப்ரோஸன் லவ்'. ஆல்பம் அதற்கு முந்தைய வருடம் வெளியாகி விற்காமல் விழுந்திருந்தது, நிறுவனம் அவர்களைக் கைகழுவிவிட்டது, ஸ்டீவி உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் குழுவின் கிட்டாரிஸ்ட் பாப் வெல்ச் விலகியதும் மிக் அந்தப் பாட்டின் கிட்டார் பையன் லிண்ட்ஸியைத் தேடினார். பையன், "என் தோழியையும் சேர்த்துத்தான்" என்றான். குழுவில் ஏற்கெனவே ஒரு பெண் இருக்கிறார், அவருக்குப் புது ஆளைப் பிடிக்காவிட்டால் பேச்சே இல்லை என்று மிக் முடிவைக் கிறிஸ்டினிடம் விட்டார். எல்லாரும் ஒரு மெக்ஸிகன் உணவகத்தில் சந்தித்தார்கள், கிறிஸ்டினுக்கு ஸ்டீவியைப் பிடித்துவிட்டது. ராக் இசையின் வரலாற்றில் ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு இவ்வளவு பெரிய கதவைத் திறந்துவிட்ட வேறு தருணம் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

ஆனால் நமக்கு முக்கியம் அடுத்து நடந்தது. முதல் ஒத்திகையில் கிறிஸ்டின் 'சே யூ லவ் மீ'யை வாசித்துக் காட்டுகிறார், கோரஸ் வந்ததும் புதிதாக வந்த இரண்டு பேரும் யாரும் சொல்லாமலே ஹார்மனியில் சேர்ந்துகொள்கிறார்கள். அந்த நிமிடமே தெரிந்துவிட்டது என்று கிறிஸ்டின் பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். லிண்ட்ஸியும் அவரும் சேர்ந்து 'வேர்ல்ட் டர்னிங்' எழுதி முடித்து அது 1975 ஆல்பத்திலேயே வந்துவிட்டது. 'டோன்ட் ஸ்டாப்'பில் இரண்டு பேரும் மாறி மாறிப் பாடுகிறார்கள், 1982இல் 'ஹோல்ட் மீ'யில் சேர்ந்தே பாடுகிறார்கள், அது அமெரிக்கப் பட்டியலில் ஏழு வாரம் நான்காவது இடத்தில் அசையாமல் நின்றது. 1987இல் 'மிஸ்டிஃபைட்', 'யூ அண்ட் ஐ'. அதாவது நீங்கள் 2017இல் கேட்ட ஜோடி திடீரென்று முளைத்ததில்லை, 42 வருடமாகக் குழுவுக்குள்ளேயே இருந்தது, யாரும் அதை ஜோடி என்று நினைக்கவில்லை. காரணம் அவர்களுக்குள் காதலும் இல்லை, பிரிவும் இல்லை.

'ரூமர்ஸ்' கதையை ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். லிண்ட்ஸியும் ஸ்டீவியும் பிரிந்துகொண்டிருந்தார்கள், ஜானும் கிறிஸ்டினும் விவாகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், மிக்கின் குடும்பமும் உடைந்துகொண்டிருந்தது, எல்லாரும் ஒரே ஸ்டூடியோவில். கிறிஸ்டின் தன் புதிய காதலனைப் பற்றி 'யூ மேக் லவ்விங் ஃபன்' எழுதிவிட்டு அது நாய்க்குட்டியைப் பற்றியது என்று ஜானிடம் சொன்னாராம், அவரும் அதற்கு அருமையாகப் பேஸ் வாசித்துக் கொடுத்தார். நான்கு கோடிக்கு மேல் விற்ற ஆல்பம். அதன் பலன் என்னவென்றால் ஃப்ளீட்வுட் மேக் பாட்டு என்றாலே 'இது யாரைப் பற்றி, யார் யாரைத் திட்டுகிறார்கள்' என்று கேட்கிற பழக்கம் உலகம் முழுக்க வந்துவிட்டது. எனக்கும் அந்த வம்பு பிடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படியே காதைப் பழக்கிவிட்டால் வம்பு இல்லாத பாட்டு சப்பென்று ஆகிவிடும். 2017 ஆல்பத்துக்கு நேர்ந்தது அதுதான். விமர்சகர்களில் பாதிப் பேர் இல்லாத ஸ்டீவியைப் பற்றியே எழுதினார்கள்.

இரண்டு ஜோடிகளையும் ஒரு சின்னக் கணக்கால் ஒப்பிடலாம். 1973 ஆல்பத்தில் பத்துப் பாட்டு. காதலர்கள், ஒரே வீடு, ஒரே கனவு. ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து எழுதியதாகப் போட்டிருப்பது 'ஃப்ரோஸன் லவ்' ஒன்றுதான், மற்றதில் பெரும்பாலானவை ஆளுக்கு ஆள் தனியாக எழுதியவை. 2017 ஆல்பத்திலும் பத்துப் பாட்டு. லிண்ட்ஸி ஐந்து, கிறிஸ்டின் இரண்டு, சேர்ந்து எழுதியது மூன்று. காதலர்களைவிட இந்த இரண்டு பேர்தான் அதிகம் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள்.

இதற்குக் காரணம் தொழில் சார்ந்தது என்று நினைக்கிறேன். ஸ்டீவி கொண்டுவருவது ஒரு குரலும் ஒரு மனநிலையும் இரண்டு மூன்று கார்டும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு). 'ட்ரீம்ஸ்' கிட்டத்தட்ட முழுக்கவே இரண்டு கார்டுகளில் ஓடுகிற பாட்டு. முதலில் வாசித்துக் காட்டியபோது தனக்குச் சலிப்பாக இருந்தது என்றும், அதே கார்டுகளை வைத்து லிண்ட்ஸிதான் மூன்று வேறு வேறு பகுதிகள் போல ஒலிக்கச் செய்தார் என்றும் கிறிஸ்டினே சொல்லியிருக்கிறார். அங்கே லிண்ட்ஸி கட்டடம் கட்டுகிறவர். கிறிஸ்டினோடு அப்படி இல்லை. அவர் கொண்டுவரும் மெட்டுக்கு எலும்பு, சதை எல்லாம் இருக்கும், எந்தக் கார்டுக்கு அடுத்து எது என்று அவருக்கே தெரியும். அங்கே லிண்ட்ஸி எதிரே உட்கார்ந்து பேசுகிற ஆள் ஆகிறார். பிளெக்ட்ரம் என்ற மீட்டும் வில்லை இல்லாமல் விரல்களாலேயே மீட்டுகிறவர் என்பதால் அவருடைய கிட்டாரும் ஒரு பியானோ மாதிரிதான், கட்டை விரலில் பேஸ், மற்ற விரல்களில் மெட்டு. கிறிஸ்டினின் பியானோவோடு அது முட்டிக்கொள்வதில்லை, இடைவெளிகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

ஆல்பம் உருவான கதை நீளம், சுருக்கமாகச் சொல்கிறேன். கிறிஸ்டினுக்கு விமானப் பயம் முற்றிப்போய், 1998இல் குழுவையும் லாஸ் ஏஞ்சலிஸ் வாழ்க்கையையும் விட்டுவிட்டு இங்கிலாந்தில் கேன்டர்பரி பக்கத்தில் ஒரு கிராமத்தில் பழைய வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். நாய்கள், தோட்டம், இடையில் ஒரு தனி ஆல்பம். பல வருடம் கழித்து ஒரு மனநல நிபுணரிடம் போனார். விமானத்தில் ஏறுவதென்றால் எங்கே போவீர்கள் என்று அவர் கேட்க, இவர் ஹவாயில் மாவி தீவு என்றாராம், மிக் அங்கேதான் வசித்தார். கடைசியில் மிக்கே லண்டனுக்கு வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அழைத்துப்போனார். 2013 செப்டம்பரில் லண்டன் கச்சேரியில் விருந்தினராக 'டோன்ட் ஸ்டாப்' வாசித்தார், 2014 ஜனவரியில் முறைப்படி திரும்பினார்.

அந்த நாட்களிலேயே டெமோக்கள், அதாவது பாட்டின் முதல்கட்டப் பதிவுகள், இவருக்கும் லிண்ட்ஸிக்கும் இடையே அங்கும் இங்கும் போய்க்கொண்டிருந்தன. இவர் பியானோவில் பாடிய துண்டுகளை அவர் வீட்டு ஸ்டூடியோவில் வளர்ப்பார், அவர் வைத்திருந்த இசைத் துண்டுகளுக்கு இவர் மெட்டும் வரிகளும் போடுவார். 2014இல் லாஸ் ஏஞ்சலிஸில் வில்லேஜ் ஸ்டூடியோவின் டி அறையில் மிக்கையும் ஜானையும் வரவழைத்து ஒலிப்பதிவு தொடங்கியது. அது 'டஸ்க்' ஆல்பத்துக்காக அவர்களுக்கென்றே கட்டப்பட்ட அறை. 1979இல் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து எல்லாரும் எல்லாரையும் முறைத்துக்கொண்டு வேலை பார்த்த அதே அறையில் இப்போது வயதானவர்கள் அமைதியாக உட்கார்ந்து வாசிக்கிறார்கள். ஸ்டீவி வருவார், குழுவின் புது ஆல்பம் ஆகும் என்ற நம்பிக்கை இருந்தது. பெரிய உலகச் சுற்றுப்பயணம் குறுக்கே வந்தது, 2015 இறுதி வரை அது ஓடியது. ஸ்டீவி வரவில்லை. சரி, நாமே போட்டுவிடலாம் என்று 2017 ஜூன் 9 அன்று வெளியிட்டுவிட்டார்கள்.

இனி பாட்டுகள். எல்லாமே அருமை என்று சொல்ல மாட்டேன். முதல் பாட்டு 'ஸ்லீப்பிங் அரவுண்ட் தி கார்னர்' லிண்ட்ஸியின் 2011 தனி ஆல்பத்தில் கூடுதல் பாடலாகக் கிடந்தது, அதை ஏன் வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஜோடி ஆல்பத்தின் முதல் குரல் ஒருவருடைய பழைய சரக்கா? 'லே டவுன் ஃபார் ஃப்ரீ' பரவாயில்லை ரகம். லிண்ட்ஸியின் ஒலிக்கலவை சில இடங்களில் பாலிஷ் போட்டுப் போட்டு வழுக்குகிறது, மிக்கின் டிரம்ஸ் இன்னும் கொஞ்சம் தோலும் கட்டையுமாகக் கேட்டிருக்கலாம். 'கேம் ஆஃப் ப்ரிடெண்ட்' தனிப் பியானோவோடு அழகாகத் தொடங்குகிறது, அப்படியே விட்டிருக்கலாம், கோரஸில் எல்லாரும் வந்து கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் 'ஃபீல் அபவுட் யூ' இருக்கிறதே! அறுபதுகளின் பெண்கள் குழுப் பாட்டுகளின் துள்ளல், மேலே மரிம்பா மாதிரி டிங் டிங் என்று ஓர் ஒலி, கிறிஸ்டினின் குரல் அவசரமே இல்லாமல் தாளத்துக்கு ஒரு நூல் பின்னால் வரும். அந்தப் பின்தங்கல்தான் அவருடைய கையெழுத்து. வயதானதால் வந்தது இல்லை, ஃப்ளீட்வுட் மேக்கில் சேரும் முன் 1969இல் சிக்கன் ஷாக் குழுவோடு பாடியபோதே அப்படித்தான் பாடினார். 'இன் மை வேர்ல்ட்' நடுவில் மூச்சு வாங்குவது மாதிரி ஆண் குரலும் பெண் குரலும் மாறி மாறி வருகிற இடம் 'பிக் லவ்' ஞாபகத்தைக் கிளறும். 1987இல் அந்தப் பாட்டு வந்தபோது பெண் குரல் ஸ்டீவிதான் என்று ஊரே பேசியது, உண்மையில் இரண்டுமே வேகத்தை மாற்றிப் பதிந்த லிண்ட்ஸியின் குரல். தன் பழைய குறும்பை அவர் முப்பது வருடம் கழித்து மறுபடி செய்து பார்க்கிறார். 'லவ் இஸ் ஹியர் டு ஸ்டே'யில் விரல் மீட்டலை மட்டும் கேளுங்கள், வரிகளை விட்டுவிடுங்கள், வரிகள் சுமார்தான்.

கடைசிப் பாட்டு 'கார்னிவல் பிகின்'. கிறிஸ்டின் தனியாக எழுதியது. இந்த ஆல்பத்தில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதை வைத்துக்கொள்வேன். மெதுவான, கொஞ்சம் இருண்ட மெட்டு. பாதுகாப்பான ஒரு கிராமத்து வாழ்க்கையை விட்டுவிட்டு மறுபடி அந்தத் திருவிழாவுக்குள், ராட்டினத்துக்குள் போகிற ஒருவருடைய ஆசையும் பயமும் அதில் இருப்பதாக எனக்குப் படுகிறது. வார்த்தைகள் முடிந்த பிறகு லிண்ட்ஸியின் கிட்டார் எடுத்துக்கொள்கிறது. ஆல்பம் முழுக்க அடக்கி வாசித்த மனிதர் அந்தக் கடைசி நிமிடங்களில் அவிழ்த்துவிடுகிறார், அவருடைய பாட்டில் செய்யவில்லை, அவளுடைய பாட்டில் வந்து செய்கிறார். ஆல்பத்தில் உண்மையான ஜோடிப்பாட்டு என்று நான் நினைப்பது இந்தப் பாட்டைத்தான், இத்தனைக்கும் பாடுவது பெரும்பாலும் ஒருவர்தான்.

இதற்குப் பிறகு நடந்தது உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. ஆல்பம் வந்து பத்து மாதத்தில், 2018 ஏப்ரலில், லிண்ட்ஸியைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார், அந்த ஆண்டு முடிவதற்குள் சமரசம் ஆனது. அவருடைய இடத்துக்கு மைக் கேம்ப்பெல், நீல் ஃபின் என்று இரண்டு பேர் வேண்டியிருந்தது. கிறிஸ்டின் குழுவோடுதான் போனார். கூட ஆல்பம் போட்டவர், கூடச் சேர்ந்து ஊர் ஊராகக் கச்சேரி செய்தவர், அவரை விட்டுவிட்டுப் போய்விட்டாரே என்று அப்போது பலர் கோபப்பட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. பதினைந்து வருடம் வீட்டுக்குள் இருந்துவிட்டு எழுபது வயதில் தைரியத்தைத் திரட்டி வெளியே வந்தவரிடம், மறுபடி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா என்று யார் கேட்பது? வேலை நட்பு வேறு, விசுவாசப் பரீட்சை வேறு. அந்த ஆல்பத்தில் 'ஆன் வித் தி ஷோ' என்ற பாட்டை எழுதியவர் லிண்ட்ஸி, நண்பர்களோடு சேர்ந்து நிற்பேன் என்கிற பாட்டு, முந்தைய சுற்றுப்பயணத்துக்கும் அதே பெயர்தான். அதை இப்போது கேட்டால் சங்கடமாக இருக்கிறது, அதனாலேயே கொஞ்சம் நல்ல பாட்டாகவும் ஆகிவிட்டது.

2019இல் லிண்ட்ஸிக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது, குரல்நாணும் பாதிக்கப்பட்டுத் தேறி வந்தார். 2022 நவம்பர் 30 அன்று கிறிஸ்டின் இறந்தார், 79 வயது. லிண்ட்ஸி எழுதிய அஞ்சலிக் குறிப்பில் அவரைத் தோழர், சகோதரி என்றெல்லாம் குறிப்பிட்டிருந்தார். கிறிஸ்டின் இல்லாமல் குழுவைத் தொடர்வதில் அர்த்தமில்லை என்று மறு வருடம் ஸ்டீவி சொன்னார். கவனியுங்கள், லிண்ட்ஸி போனபோது ஆள் பிடித்துக்கொண்டு பயணம் போன குழு, ஓரமாக உட்கார்ந்து கீபோர்டு வாசித்தவர் போனதும் நின்றுவிட்டது. உப்பு எது என்று உங்கள் நண்பரிடம் இப்போது கேட்கலாம்.

ஸ்டீவியைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 1973 ஆல்பத்தை நானும் மறுவெளியீட்டில் ஆசையாகக் கேட்டேன். இத்தனை வருடமாகக் கீறல் விழுந்த பழைய தட்டுகளிலிருந்து யாரோ பதிவேற்றிய ஒலியில்தான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம், குறுந்தகடாகக்கூட முறையாக வந்ததில்லை. மூல நாடாவிலிருந்து எடுத்த இந்தப் பதிப்பில் 'கிரிஸ்டல்' பாட்டின் கிட்டார் தெளிவாகக் கேட்கிறது. அந்தப் பாட்டும் கவனிக்க வேண்டியது, எழுதியவர் ஸ்டீவி, பாடுபவர் லிண்ட்ஸி. இருபதுகளில் இருக்கிற இரண்டு பேர் தங்களிடம் இருக்கிற எல்லாவற்றையும் ஒரே மேசையில் கொட்டிவிட்ட ஆல்பம் அது. குறைகள் நிறைய. பசி தெரியும். 2017 ஆல்பத்தில் பசி கிடையாது, அதை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

இசைத்தட்டு விஷயம். 'பக்கிங்ஹாம் நிக்ஸ்' வாங்குங்கள். தட்டில் கேட்கவென்றே பதிந்த ஒலி அது, முதல் பக்கம் ஐந்து, இரண்டாம் பக்கம் ஐந்து, 'ஃப்ரோஸன் லவ்' கடைசியில் ஏழு நிமிடம். பழைய 1973 பதிப்பைத் தேடிப் போகாதீர்கள், விலை அநியாயம், புதிய பதிப்பே போதும். பக்கிங்ஹாம்–மக்வீ ஆல்பத்தை இப்போது கேட்பது போலவே செயலியில் கேளுங்கள், ஆனால் முதல் பாட்டைத் தாண்டிவிட்டு இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள். டர்ன்டேபிள் பழையது என்கிறீர்கள், தட்டு வாங்குவதற்கு முன்னால் ஊசியை மாற்றிவிடுங்கள்.